மதாமுக்கு மணப்பட்டுத் தண்ணீர்

பாகூர் ஏரிக்கரையில் வண்டியை ஓரம் கட்டினேன் என்று எழுதினால் பெரிய டிரைவர் மாதிரி இருக்கும். உண்மையில் நான் ஓரம் கட்டவில்லை. வண்டியே நின்றுவிட்டது. நின்ற இடம் ஓரமாக இருந்தது, அவ்வளவுதான்.

பானெட்டுக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பின்னால் சைலன்சரில் வெள்ளை வெளேரென்று புகை. உள்ளே பின் சீட்டு நிறைய நைட்டி மூட்டை. முன் சீட்டில் மணப்பட்டில் வாங்கிய சங்கரா மீன், ஐஸ் உருகி சொட்டிக்கொண்டிருந்தது. உச்சி வெயில்.

கரும்பு ஏற்றிக்கொண்டு போன டிராக்டர்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாயம்மா, நடுரோட்ல சமையலா?"

"ஆமாப்பா, மீன் குழம்பு கொதிக்குது. எறங்கி வா, சாப்ட்டுட்டுப் போ" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டிருந்தது. இதற்கு முன்னால் மதாம் சூடானதுண்டு. இப்படி ஒரேயடியாகக் கைவிட்டதில்லை.

மதாம் யார்?

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு மதாமைத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன். மதாம் என்பது எங்கள் கார். வெள்ளைக் கலர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி. என் கல்யாணத்துக்கு அப்புறம் பிறந்தவள், என் மகனைவிடக் கொஞ்சம் இளையவள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். பாண்டி டவுனில் இருந்த ஒரு சொல்தாவிடம்தான் என் வீட்டுக்காரர் அந்த வண்டியை வாங்கினார். அந்தக் கிழவர் சாவியைக் கொடுக்கும்போது, "மதாமை ஜாக்கிரதையா பாத்துக்கோ" என்றாராம். பிரெஞ்சில் மதாம் என்றால் அம்மணி. வீட்டில் யாரோ வயசான அம்மாவைத்தான் சொல்கிறார் என்று நினைத்து இவர் திருதிருவென்று முழித்திருக்கிறார். அன்றிலிருந்து அவள் பெயர் மதாம்.

வீட்டுக்காரர் மவுத்தாகி என்னை விட்டுப் போன பிறகு, மதாம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வீட்டுப் பக்கத்தில் சும்மா நின்றாள். வில்லியனூரில் எங்கள் ஜவுளிக்கடையும் ஏறக்குறைய அதே நிலைமைதான். பெரிய பெரிய கடைகள் வந்த பிறகு நம் கடைக்கு யார் வருவார்கள்? ஆள் வரவில்லையென்றால் நாம் போவோம் என்று எனக்குத் தோன்றியது. ஐம்பதை நெருங்கும் வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டேன். அந்தக் கூத்தை ஏற்கெனவே எழுதிவிட்டேன். கோழிக்கூண்டை இடித்த கதையைத் திரும்பச் சொல்லும் தைரியம் இல்லை.

திருபுவனையில் கம்பெனி விட்டு வரும் பெண்களுக்குச் சுடிதார். பண்டசோழநல்லூர் பக்கம் புடவை, உள்பாவாடை. மணப்பட்டில் நைட்டி. இப்படித்தான் என் வாரம் ஓடுகிறது. மதாம் இல்லையென்றால் இதில் எதுவும் கிடையாது. நான் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

குக்கரும் கேஸ்கட்டும்

மெக்கானிக் சேகருக்கு போன் அடித்தேன். வில்லியனூர் பைபாஸ் ஓரம் புங்கமரத்தடியில் ஷெட் வைத்திருக்கிறான். கை சுத்தம். வாய்தான் ஓயாது. தெரிந்தவர் ஒருவருடைய லோடு வண்டியை எடுத்து வந்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். நான் மதாமில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வழி நெடுக மீன் நாற்றம்.

ஷெட்டில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினான். மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி அப்பியிருந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினான். அதில் பால் டீ கலர்.

"ஆயில்ல தண்ணி கலந்துடுச்சி பாயம்மா. ஹெட் கேஸ்கட் போச்சி."

எனக்கு அப்போது கேஸ்கட் என்றால் குக்கர் கேஸ்கட்தான் தெரியும். அதையே சொன்னேன்.

"அதேதான்னு வெச்சிக்கோங்க. கீழ இருக்கறது சட்டி, மேல இருக்கற ஹெட்டு மூடி. நடுவுல கேஸ்கட். அது பூட்டுச்சின்னா உள்ள இருக்கற ஆயிலு, தண்ணி, நெருப்பு எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்துக்கும். குக்கர்னா விசில் வராது. இதுல வண்டியே வராது."

"கேஸ்கட் மாத்திட்டா சரியாயிடுமா?"

"ஹெட்டுல விரிசல் வுட்ருந்தா சொல்ல முடியாது" என்றான். முதல் தடவையாக அவன் குரல் இறங்கியது.

அன்று சாயந்திரம் மகன் ரியாஸ் சார்ஜாவிலிருந்து வீடியோ கால் செய்தான். ஏ.சி. வேலை பார்க்கிறான். அங்கே ரோட்டில் பளபளவென்று ஓடும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு மதாம் என்றால் இளக்காரம். நான் ஒளித்து மறைத்துச் சொன்னாலும் கண்டுபிடித்துவிட்டான்.

"அம்மா, போதும்மா. நடுவழியில நிக்கற வண்டி எதுக்கு? இந்த வயசுல உனக்கு இன்னா தலையெழுத்தா? குடுத்துட்டு ஆட்டோல போ."

"ஆட்டோக்காரன் நான் நைட்டி வித்து முடிக்கற வரைக்கும் நிப்பானாடா?"

"அப்ப விக்காத. நான் அனுப்பறது பத்தலியா?"

பத்துகிறது. பிள்ளை குறை வைக்கவில்லை. ஆனால் நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய், நாலு பேரிடம் பேசி, சண்டை போட்டு, துணியை விரித்துக் காட்டி, விற்றுவிட்டு வருகிறேனே, அது எனக்கு வேண்டியிருக்கிறது. அதை அவனிடம் சொல்லத் தெரியவில்லை. கோபம்தான் வந்தது. கத்தினேன். அவனும் கத்தினான்.

கடைசியில் அவனே ஒரு நிபந்தனை போட்டான்.

"ஹெட்ல விரிசல் இருந்தா மறுபேச்சு பேசாம காயலான் கடைக்குக் குடுத்துடணும். விரிசல் இல்லன்னா, இனிமே மதாமைப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். சரியா?"

சரி என்றேன். சொல்லி முடித்ததும் பக்கென்று இருந்தது.

உப்பு

மறுநாள் சேகர் ஹெட்டைக் கழற்றினான். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கடையைத் திறக்கவில்லை.

பழைய கேஸ்கட் ஒரு இடத்தில் கருகி, பொரித்த அப்பளத்தைக் கடித்த மாதிரி பிய்ந்திருந்தது. ஹெட்டைத் திருப்பிப் போட்டான். அலுமினியம். தண்ணீர் போகும் ஓட்டைகளைச் சுற்றி அரித்துப்போய், வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"இதான் விஷயம். அரிச்சிருக்கு பாருங்க. ஆனா இது இன்னா வெள்ளையா…" என்று சுரண்டினான்.

எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"அய்யய்யோ பாயம்மா! இன்னா பண்றீங்க? துப்புங்க, துப்புங்க!"

துப்பினேன். வாயும் கொப்பளித்தேன். ஆனால் தெரிந்துவிட்டது. முப்பது வருஷமாக அடுப்படியில் நிற்கிறவளுக்கு உப்பு தெரியாதா? எந்த ஊர் உப்பு என்பதுகூட எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் கஷ்டம்.

மணப்பட்டில் ரோட்டோரம் முதல் வீடு அஞ்சலையுடையது. கருவாடு போடுகிறவள். நான் முதன்முதலாக நைட்டி மூட்டையோடு அங்கே போன அன்று மதாம் சூடாகி நின்றாள். ரேடியேட்டரில் எங்கேயோ லேசாக ஒழுகல். அஞ்சலை கேட்காமலே ஒரு குடம் தண்ணீரோடு வந்துவிட்டாள்.

"தாகத்தோட வந்து நிக்குது பாவம். தொற மூடிய" என்றாள்.

சூட்டில் திறக்கக்கூடாது, ஆறட்டும் என்றேன். ஆறும் வரை டீ போட்டுக் கொடுத்தாள். டீயில் மெல்லிதாக உப்பு கரித்தது. கடலோரத்து போர் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். அவர்களுக்கு அது பழக்கம், குடிப்பதற்கு மட்டும் கேன் தண்ணீர். டீ குடித்து முடித்ததும் அவளே குடத்தைச் சாய்த்து ரேடியேட்டரை நிரப்பினாள்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அதே கதைதான். வண்டிச் சத்தம் கேட்டதும் குடத்தோடு வருவாள். மதாம் ஆறும் வரை நாங்கள் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். அவள் மருமகளைத் திட்டுவாள். நான் ரியாசைத் திட்டுவேன். வாரம் முழுக்க நான் எதையும் விற்காமல் சும்மா உட்காரும் அரைமணி நேரம் அது ஒன்றுதான். அப்படி உட்காரத்தான் ரேடியேட்டர் ஒழுகலைச் சரி செய்யாமல் விட்டேனோ என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பாசமாக ஊற்றிய தண்ணீர், இத்தனை நாளாக உள்ளே போய் அரித்திருக்கிறது.

சேகரிடம் சொன்னேன். "என் அண்ணி ஊரும் மணப்பட்டுதான். அந்தத் தண்ணில சோப்பே நொரைக்காது" என்றான்.

"சேகரு, இத யார்கிட்டயும் சொல்லாத. அஞ்சலை காதுக்குப் போனா மனசு ஒடிஞ்சிடுவா."

"நான் இன்னா ஊர்க்கதை பேசற ஆளா பாயம்மா?"

நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். அவன் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

பஸ்ஸில் பாதி இன்ஜின்

விரிசல் பார்க்கவும், ஹெட்டின் முகத்தைச் சமமாகத் தேய்க்கவும் திருபுவனையில் ஒரு லேத் பட்டறைக்குப் போக வேண்டும். சேகருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் முடியுமாம். எனக்கு இரண்டு மணி நேரம்கூடப் பொறுக்காது. ஹெட்டைச் சாக்குப் பையில் போட்டு, மேலே ஒரு பழைய நைட்டியைச் சுற்றி, விழுப்புரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் டிபன் பாக்ஸோடு நின்றார்கள். எனக்கு இடம் விட்டார்கள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். நல்ல கனம்.

கண்டக்டர் வந்தார். "இன்னாமா மூட்டைல?"

"கார் இன்ஜினுப்பா."

"முழுசாவா?"

"பாதிதான். மீதி வில்லியனூர்ல இருக்கு."

அவர் நம்பவில்லை. நைட்டியை விலக்கிக் காட்டினேன். பார்த்துவிட்டு, லக்கேஜ் போடலாமா வேண்டாமா என்று டிரைவரிடம் கத்திக் கேட்டார். டிரைவர், "ஓடாத இன்ஜினுக்கு எதுக்குய்யா டிக்கெட்டு, உடு" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள்ளே மட்டும், யா அல்லாஹ், விரிசல் இருக்கக்கூடாது, இருக்கக்கூடாது என்று ஓடிக்கொண்டே இருந்தது.

குமிழி

லேத் பட்டறைக்காரர் அதிகம் பேசாத மனிதர். ஹெட்டைக் கழுவி, ஓட்டைகளை ரப்பர் வைத்து அடைத்து, இரும்புத் தகடு போட்டு இறுக்கினார். உள்ளே காற்று அடித்து, தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்.

"குமிழி வந்தா விரிசல்" என்றார்.

சைக்கிள் டியூப்புக்குப் பஞ்சர் பார்க்கிற மாதிரிதான். ஆனால் நான் தொட்டியின் விளிம்பைக் குனிந்து பிடித்த பிடி இருக்கிறதே, என் பிரசவத்தில்கூட அப்படி எதையும் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓரத்திலிருந்து ஒன்று கிளம்பி மேலே வந்து உடைந்தது. அடுத்து இன்னொன்று. பின்னாலேயே சரசரவென்று வரிசையாக.

முடிந்தது கதை என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ரியாஸ் முகம் தெரிந்தது. காயலான் கடையில் மதாம் சக்கரம் இல்லாமல் கிடப்பது தெரிந்தது.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹெட்டை வெளியே எடுத்து, ஒரு ரப்பரைக் கழற்றிப் பார்த்து, "இது பழைய ரப்பரு, இதுலதான் காத்து கசியுது" என்று தூக்கி எறிந்தார். புதுசு வைத்து, மறுபடி இறுக்கி, மறுபடி இறக்கினார்.

தண்ணீர் அசையவில்லை. அவர் பீடி பற்ற வைத்து, முழுசாகக் குடித்து முடித்தார். ஒரு குமிழி இல்லை.

"விரிசல் கிடையாதும்மா. அரிச்ச எடத்துல மட்டும் வெல்டிங் வெச்சி, மொகத்தத் தேச்சிடலாம்."

அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பதிலாக, அவர் வீட்டம்மாவின் அளவைக் கேட்டு வந்து, பிறகு ஒரு நல்ல பருத்தி நைட்டி கொடுத்தனுப்பினேன்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு

புது கேஸ்கட் வைத்து ஹெட்டை ஏற்றும் நாளில் எனக்கும் சேகருக்கும் பெரிய சண்டை. போல்ட்டுகளை இத்தனை அழுத்தத்தில்தான் இறுக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அதைக் காட்டுவதற்கு டார்க் ரென்ச் என்று ஒன்று இருக்கிறது. லேத் பட்டறைக்காரர் தன்னுடையதையே எனக்கு இரவல் கொடுத்தனுப்பியிருந்தார்.

"என் கையே டார்க் ரென்ச்சு பாயம்மா. இத்தினி வருஷ சர்வீசு."

"உன் கை வூட்டுல சோறு திங்கறதுக்கு. இத எடு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, முதலில் தன் கையால் இறுக்கினான். பிறகு ரென்ச்சை வைத்துப் பார்த்தான். அழுத்தம் சரியாக வந்துவிட்டால் அது சத்தம் கொடுக்கும். சில போல்ட்டு உடனே 'டக்' என்று சொன்னது. சில போல்ட்டு சொல்லாமல் இன்னும் திரும்பியது.

"ரென்ச்சு தப்பா காட்டுது" என்றான்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவனும் தாங்க முடியாமல் சிரித்துவிட்டான். எல்லாவற்றையும் தளர்த்தி, மறுபடி முறையாகத் தொடங்கினான். முதலில் நடு போல்ட், அதற்கு எதிர் போல்ட், அப்படியே இரண்டு பக்கமும் ஓரத்தை நோக்கி. ஒரேயடியாக இல்லை, சுற்றுச் சுற்றாக. எங்கள் தையல்காரர் லைனிங் துணிக்குக் குண்டூசி குத்துவதும் நடுவிலிருந்துதான். ஓரத்திலிருந்து குத்தினால் நடுவில் சுருக்கம் விழுந்துவிடும்.

ரேடியேட்டர் ஒழுகலையும் அடைத்தான். உள்ளே தண்ணீருக்குப் பதிலாகப் பச்சைக் கலரில் கூலன்ட் ஊற்றினான். "இனிமே யாரும் இதுல சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது. ஊத்தவும் வேண்டியதில்ல" என்றான்.

சாவியைத் திருப்பினேன். மதாம் இரண்டு தரம் இருமிவிட்டு, சீராக ஓடத் தொடங்கினாள். புகை இல்லை. முள் பாதிக்குக் கீழேயே நின்றது. என் மனசு நிறைந்துபோயிற்று. ரியாசுக்கு அந்தச் சத்தத்தை மட்டும் பதிவு பண்ணி அனுப்பினேன். பதிலுக்கு வாயை மூடிக்கொண்ட ஒரு பொம்மை முகம் வந்தது. பிள்ளை வாக்குத் தவறவில்லை.

அஞ்சலை

அடுத்த வாரம் மணப்பட்டுக்குப் போனேன். ஹாரன் அடித்தேன். அஞ்சலை வரவில்லை. குடமும் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண்கள் வந்து நைட்டி பார்த்தார்கள். அவள் வீட்டுக் கதவு மட்டும் ஒருக்களித்தே இருந்தது.

நேராக உள்ளே போய்விட்டேன். அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி, வண்டிச் சத்தம் காதுல உழலியா?"

"எதுக்கு வரணும்? என் கையால ஊத்துன தண்ணிதானே உன் வண்டியக் கெடுத்துச்சி? மெக்கானிக்கோட அண்ணி வந்து ஊரெல்லாம் சொல்லிட்டா."

சேகரை மனசுக்குள் ஆசை தீர வைதேன். அஞ்சலையின் கண் கலங்கியிருந்தது.

"நல்லதுன்னு நெனச்சித்தான் ஊத்துனேன் பாயம்மா. எனக்கு இன்னா தெரியும்? எங்க வூட்டு அரிசி இதுலதானே வேவுது."

"நீ ஊத்துன தண்ணிலதான்டி நான் இத்தினி நாளு வூடு போய்ச் சேர்ந்தேன். நீ ஊத்தலன்னா பாகூர் தாண்டியிருப்பனா?" என்றேன். சும்மா சமாதானத்துக்குச் சொல்லவில்லை. நிஜமும் அதுதான்.

அவள் அசையவில்லை. "இனிமே நான் அந்த வண்டியத் தொட மாட்டேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தேன். பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் மூடியைக் காட்டவில்லை. ஓரத்தில் கண்ணாடி கழுவுவதற்கென்று ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கும். மதாம் வந்த நாளிலிருந்து நான் அதில் தண்ணீர் ஊற்றினதே இல்லை. காய்ந்து, சிலந்தி கூடு கட்டியிருந்தது.

"இதுல ஊத்து. இது உன் பொறுப்பு."

அவள் அந்த டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். போர் தண்ணீர்க் குடத்தைத் தொடவில்லை. குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரைச் சொம்பில் பிடித்து வந்து, துணி வைத்து டப்பாவைத் துடைத்து, சிந்தாமல் ஊற்றினாள்.

நான் உள்ளே உட்கார்ந்து பட்டனை அமுக்கினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு இரண்டு கோடாகப் பீய்ச்சி அடித்தது. கண்ணாடியில் பாதி, எட்டிப் பார்த்த அஞ்சலை முகத்தில் பாதி. "அடி ஆத்தா!" என்று கத்தினவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, இரு, டீ போடறேன் என்று உள்ளே போனாள்.

அன்று ராத்திரி ரியாஸ் பேசினான். மதாமைப் பற்றிக் கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்ததால், சுற்றி வளைத்துக் கேட்டான்.

"இனிமே வழியில எங்கயும் நிக்க வேண்டியதில்லியேம்மா?"

"மணப்பட்டுல ஒரு அரைமணி நேரம் நிக்கணும்டா."

"ஏன், இன்னும் சூடாகுதா?"

"இல்லடா. அங்க அஞ்சலை சொம்போட நிப்பா."